எடுக்காத படங்கள்

கடைப்படி ஏறி வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறவன் வியாபாரத்துக்கு ஆகாதவன் என்பது கல்முனைச் சந்தையில் யாவரும் ஒப்புக்கொண்ட நியாயம். மருதமுனைச் சாரன் விற்பவரும், சம்மாந்துறை நெல்லை மூடை கட்டி அனுப்புபவரும் அந்த நியாயத்தின்படியே வாழ்ந்தார்கள். அதிலிருந்து விலகி நின்றவர் என் தாய்மாமன். 1950களின் இறுதியில் பிரதான வீதியில் ஒரு சிறு புகைப்பட நிலையத்தைத் திறந்து, சாகும்வரை நடத்தினார். அவருடைய கடையிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது படம் எடுக்காமல், முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குவார்கள். "காசு வேணாம் எண்டு சொல்ற மனிசன்" என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது பாராட்டாகச் சொல்லப்பட்டதன்று.

நான் அவரிடம் 1972இல், பதினேழாம் வயதில், இருட்டறை உதவியாளனாகச் சேர்ந்தேன். நெகட்டிவைக் கழுவுவது, ஹைப்போவில் இட்டு நிலைப்படுத்துவது, உலர்த்துவது, கூர்ந்த பென்சிலால் முகத்தின் பள்ளங்களைத் திருத்துவது ஆகிய வேலைகளையெல்லாம் இரண்டாண்டுக்குள் கற்றுக்கொண்டேன். ஆனால் யாரைப் படம் எடுக்கக் கூடாது, எந்தப் படத்துக்குப் பிரதி போடக் கூடாது என்பதைக் கற்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. கற்றேன் என்று இன்றும் துணிந்து சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

உருவப்படம் ஆகுமா, ஆகாதா என்று எங்கள் பகுதிப் பள்ளிவாசல் முற்றங்களில் விவாதம் நடந்த காலம் அது. மாமா தொழுகையாளி. அதே சமயம் அந்தத் தொழிலால் ஏழு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். யாராவது வாதுக்கு இழுத்தால் அவர் சொல்லும் மறுமொழி ஒன்றுதான். "ஆகுமா ஆகாதா எண்டத ஆலிம்மாரு பேசட்டும். பொய்ச்சாட்சி ஆகாது எண்டதுல ஆருக்கும் பேச்சில்ல." இதைச் சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

அந்த வார்த்தையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. படம் என்பது முகத்தின் பிரதி, கடைக்காரன் பிரதி எடுத்துக் கொடுப்பவன், அவ்வளவே என்று நினைத்திருந்தேன். மாமாவோ படத்தை ஒரு வாக்குமூலமாகக் கண்டார். 'இந்த ஆள் இந்த நாளில் இப்படி என் முன்னால் இருந்தார்' என்று படம் பிடிப்பவன் சொல்லுகிறான். அதைக் காணாத ஒருவர் அவன் சொல்லை நம்பி ஒரு காரியம் செய்கிறார். பெண் கொடுக்கிறார், கடவுச்சீட்டு வழங்குகிறார், சில வேளை ஆளைக் கொண்டுபோகிறார். ஆகவே கேட்பவர் யார், முகம் யாருடையது, படம் எங்கே போகிறது என்ற மூன்றில் ஒன்றை ஒளித்து ஒருவர் பேசினாரானால் மாமா கமராவின் மூடியைப் போட்டுவிடுவார். காரணம் சொல்லமாட்டார். "லைட் சரியில்ல, மறுகா வாங்க" என்பார். எங்கள் கடையில் வெளிச்சம் சரியில்லாத நாட்கள் அதனால்தான் அதிகம்.

நான் சேர்ந்த ஆண்டுதான் அடையாள அட்டை வந்தது. ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் நிறைவேறி, 1972இல் அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அதுவரை கமராவின் கண்ணையே காணாத பெண்கள் நூற்றுக்கணக்கில் படத்துக்கு வந்தார்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலமாதலால் பிலிமுக்கும் தாளுக்கும் பெரும் தட்டுப்பாடு. ஒரு றோலில் பன்னிரண்டு முகங்கள். ஒன்றும் பழுதாகக் கூடாது. வேறொருவராயிருந்தால் வரிசையில் நிற்க வைத்து விறுவிறென்று எடுத்து முடித்திருப்பார். மாமா காலை நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார். மாமி உள்ளே வந்து இருப்பார். வாசலில் திரை விழும். முக்காட்டை எவ்வளவு விலக்குவது என்பதை அந்தப் பெண்ணே மாமியிடம் சொல்லுவாள். அந்த நெகட்டிவுகளுக்குத் தனியே ஒரு தகரப்பெட்டி, திறப்பு மாமியிடம். அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு பிரதி வேண்டுமானால் முகத்துக்குரியவள் நேரில் வந்து கேட்க வேண்டும். கணவன் வந்தாலும் சகோதரன் வந்தாலும் கிடையாது. இதனால் ஏற்பட்ட சண்டைகளை எழுதினால் தனிக் கட்டுரையாகும்.

இதே காரியம் வேறோரிடத்தில் எப்படி நடந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு சஞ்சிகையில் வாசித்தபோதுதான் மாமியின் தகரப்பெட்டியின் பெறுமதி எனக்குத் தெரிந்தது. 1960இல் அல்ஜீரியாவில், பிரெஞ்சு இராணுவத்தில் கட்டாய சேவை செய்துகொண்டிருந்த மார்க் கராஞ்சே என்ற இளைஞரிடம், கிராமத்து மக்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும்படி மேலதிகாரி ஆணையிட்டார். போராளிகளிடமிருந்து மக்களைப் பிரித்து வைப்பதற்காக அமைத்த குடியிருப்புக்களில், ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள் சூழ நிற்க, பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரு வெள்ளைச் சுவரின் முன் இருத்தப்பட்டனர். முகத்திரையை அகற்றச் செய்யப்பட்டனர். பத்தே நாளில் ஏறத்தாழ 2,000 முகங்கள். அந்தப் பெண்கள் தம் எதிர்ப்பைக் கண்களால் தெரிவித்தார்கள். அந்தப் பார்வையைப் படம் பிடித்தவரும் உணர்ந்தார். 1982இல் அவற்றை ஒரு நூலாக வெளியிட்டபோது, அது அந்தப் பெண்களின் எதிர்ப்புக்குச் சாட்சியமாகவே வெளிவந்தது.

கராஞ்சே மறுத்திருக்க முடியுமா? சிப்பாய்க்கு மறுப்பின் விலை சிறை. கல்முனையில் கடை வைத்திருப்பவனுக்கு மறுப்பின் விலை ஒருநாள் வருமானம். எனவே அவரைக் குற்றஞ்சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அங்கும் இங்கும் காரியம் ஒன்றே: அரசாங்கத்தின் அட்டை, பெண்ணின் முகம், ஒரு கமரா. ஒன்றை அவமானமாகவும் மற்றதைச் சாதாரண நாளாகவும் ஆக்கியது அந்தத் திரையும், மாமி இருந்த நாற்காலியுந்தான்.

மாமா மறுத்தவை எல்லாம் இத்தகைய பெரிய விஷயங்களல்ல. ஒருமுறை நல்ல உடையணிந்த ஓர் இளைஞர் பாடசாலைக் குழுப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்றாம் வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளையைத் தொட்டுக் காட்டி, "இந்த முகத்த மட்டும் பெருசாக்கித் தாங்க காக்கா" என்றார். மாமா படத்தைக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"புள்ள ஒங்களுக்கு என்ன முறை தம்பி?"

"பேச்சு நடக்குது. வீட்டாக்களுக்குக் காட்டத்தான்."

"அப்ப நல்லது. புள்ளைர வாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, தேத்தண்ணி குடிச்சிப்போட்டுப் படத்தப் பெருப்பிப்பம்."

இளைஞர் முகம் சிவந்து போய்விட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம். பேச்சில் கள்ளமிருப்பதாகத் தோன்றவில்லை. அப்படியே ஆயிற்று. ஐந்தாறு மாதத்தின்பின் அவர் உண்மையாகவே அந்தப் பிள்ளையின் தகப்பனாரோடு வந்தார். திருமணப் படமும் எங்களுக்கே கிடைத்தது. சந்தேகப்பட்டது தவறென்று மாமாவிடம் சொன்னேன். "நான் அவன எங்க சந்தேகப்பட்டேன்? புள்ளைட்டக் கேக்காம புள்ளைர முகத்தக் குடுக்க எனக்கு ஆரு அதிகாரம் தந்த?" என்றார். மறுப்பதற்கு எதிரிலிருப்பவர் கெட்டவராயிருக்க வேண்டியதில்லை என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். ஆசிரியத் தொழிலிலுள்ள நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே தலையசைப்பார்கள். நல்ல பிள்ளைக்கும் பரீட்சை வினாத்தாளை முன்கூட்டிக் காட்ட முடியாதல்லவா?

யுத்த காலத்தில் வந்த கோரிக்கைகள் வேறு விதமானவை. 1990ஆம் ஆண்டு கிழக்கு மாகாணத்தவர் எவரும் மறக்க முடியாத ஆண்டு. அந்நாட்களில் ஒரு மாலை, ஆயுதம் வைத்திருந்த இருவர் கடைக்குள் வந்தனர். எந்தத் தரப்பார் என்பதை எழுதமாட்டேன். அக்காலத்தில் எல்லாத் தரப்பாரும் ஏதாவதொரு கடைக்குள் இப்படி நுழைந்துகொண்டுதானிருந்தார்கள். ஒரு கலியாண வீட்டுக் குழுப்படத்தின் நெகட்டிவ் வேண்டுமென்றார்கள். படத்தில் யார் நிற்கிறார்கள், எந்த முகத்தை அவர்கள் தேடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. மாமா நடுங்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்; அவருடைய சாரன் ஆடியதை நான் பார்த்தேன். ஹைப்போ பழுதாகிப்போய் அந்த றோல் முழுவதும் கறுத்துவிட்டது, பெண் வீட்டார் இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொன்னார். நாளைக்கு வருவோம் என்று போனார்கள்.

அன்றிரவு இருட்டறையில் சுடுநீர் வைத்து அந்த நெகட்டிவை அதில் போட்டார். ஜெலற்றின் இளகிக் கலங்கி, மணமகனும் மணமகளும் பெரியவர்களும் சிறுவர்களும் கறுப்புத் தண்ணீராய்க் கரைந்து போயினர். வாழ்நாள் முழுவதும் பொய்ச்சாட்சியை வெறுத்த மனிதர், பொய் சொல்லிவிட்டு, மெய்ச்சாட்சி ஒன்றையும் தம் கையாலேயே அழித்தார். அவர்கள் மறுநாள் வரவில்லை. பிறகும் வரவில்லை. மாமா அதைப்பற்றி ஒருநாளும் பேசவில்லை. அந்தப் பெண் வீட்டார் மட்டும் அவருடைய கடைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு வரலாறும் உண்டு. போலந்து நாட்டவரான வில்ஹெல்ம் பிராஸே, 1940 முதல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதியாக இருந்தவர். தொழிலறிந்தவராகையால், வருகிற கைதிகளைப் படம் எடுக்கும் வேலை அவருக்கு விதிக்கப்பட்டது. 40,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார் என்பது கணக்கு. மறுத்தால் மரணம். 1945 ஜனவரியில் சோவியத் படைகள் நெருங்கி வந்தபோது எல்லாவற்றையும் எரித்துவிடும்படி கட்டளை பிறந்தது. அந்தக் கட்டளைக்குத்தான் அவரும் தோழரும் பணியவில்லை. அடுப்பைத் திணறடித்து, எரியாமல் செய்து, படங்களைக் காப்பாற்றினார்கள். எஞ்சிய முகங்கள் பின்னர் உலகுக்குச் சாட்சியாயின. விடுதலையான பிராஸே ஊருக்குத் திரும்பி மறுபடி கமராவைத் தொட்டபோது, கண்முன்னே அந்த இறந்தவர்களே வந்து நின்றார்களாம். தொழிலை விட்டுவிட்டார். 2012இல் காலமானார்.

ஒருவர் அழிக்க மறுத்தார். ஒருவர் கொடுக்க மறுத்து அழித்தார். அவர்கள் இருவரையும் ஒரே இடத்தில் வைத்து நினைக்க எனக்குத் தயக்கமில்லை.

மாமா 1996இல் மறைந்தார். கடை என் பொறுப்புக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. இலங்கையில் இறந்த 30,000க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் எங்கள் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் நீரோடு போயின. கடற்கரையிலிருந்த எங்கள் பழைய வீட்டில் நெகட்டிவுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். மாமியின் தகரப்பெட்டியும் அங்குதான் இருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

அதற்குப் பின்வந்த வாரங்களில் கடைக்கு வந்தவர்களைப்போல் அதற்கு முன்னும் பின்னும் யாரும் வந்ததில்லை. ஈரத்தில் ஊறிய அடையாள அட்டையைக் கையில் பொத்திக்கொண்டு வருவார்கள். முத்திரையளவு படத்திலிருந்து ஒரு முகத்தைப் பெரிதாக்கித் தரவேண்டும். ஒரு தகப்பனார், இறந்துபோன மகளை, அவள் காணாமலே போன தம்பியோடு சேர்த்து ஒரே படமாக்கித் தரமுடியுமா என்று கேட்டார். அந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக நின்ற படம் அவரிடமிருந்ததில்லை. நான் மாமாவை நினைத்தேன். காணாததைக் கண்டதாகச் சொல்லும் படமல்லவா இது?

அமெரிக்காவில் 1860களில் மம்லர் என்ற ஒருவர், துயரத்தோடு வருகிறவர்களைப் படமெடுத்து, அவர்கள் பின்னால் இறந்த உறவினரின் மங்கலான உருவத்தைத் தோன்றச் செய்து பணம் பண்ணினார். 1869இல் நியூயார்க்கில் வழக்கு நடந்து, போதிய சான்றில்லையென்று விடுபட்டார். நான் செய்யப்போவதற்கும் அவர் செய்ததற்கும் என்ன வேறுபாடு? வெகுநேரம் யோசித்தேன். மம்லரின் வாடிக்கையாளர் ஏமாந்தார். என் முன்னிருந்த தகப்பனாரோ, ஒட்டியதென்று அறிந்தே கேட்கிறார். தம் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார். எவரையும் நம்ப வைக்கப் போவதில்லை. செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதை இன்றும் சரியென்றே எண்ணுகிறேன்.

மறுத்தவையும் உண்டு. காரில் வந்திறங்கிய ஒருவர், முகாமிலுள்ள தாய்தகப்பனற்ற குழந்தைகளைத் தனித்தனியே படமெடுத்து, பெயரும் வயதும் எழுதி ஓர் அல்பமாகத் தரவேண்டும், நல்ல கூலி தருகிறேன் என்றார். உதவி தேடுவதற்காம். எந்த அலுவலகத்தின் சார்பில் என்று கேட்டேன். சிரித்தார். அனாதைப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசாங்கம் 2005 ஜனவரியிலேயே நிறுத்தி வைத்திருந்தது, அதற்கு முகாந்திரமில்லாமலில்லை. 'வெளிச்சம் சரியில்லை' என்றேன். நண்பகல் பன்னிரண்டு மணி. வெளியே கண்ணைக் குத்துகிற வெயில். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், மறுபடி வரவில்லை. இன்னொருவர், இடிந்த வீட்டின்முன் ஒரு தாயை நிறுத்தி, நேற்று அழுததைப்போல் இன்றும் அழச் சொல்லி எடுக்க வேண்டுமென்றார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

அந்நாட்களில் உலகம் முழுவதும் பேசப்பட்ட குழந்தை ஒன்று எங்கள் கல்முனை வைத்தியசாலையிலேதான் இருந்தது. சேற்றிலிருந்து மீட்கப்பட்ட சில மாதச் சிசு. எண்பத்தொன்றாவது நோயாளியாகப் பதிவானதால் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோருகிறார்கள் என்ற செய்தி நாடெங்கும், கண்டமெங்கும் பறந்தது. நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றதோ ஒரேயொரு தம்பதியர். வீட்டிலிருந்த பத்திரங்களை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனதால் அவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோரென்று நிறுவ, 2005 பெப்ரவரியில் பிள்ளை அவர்கள் கைக்கு வந்தது.

அந்த வாரங்களில் அக்குழந்தையின் கட்டிலைச் சூழ்ந்த கமராக்களின் எண்ணிக்கையை யார் அறிவார்? நான் போகவில்லை. போகும்படி கேட்கப்பட்டேன், கணிசமான தொகையும் பேசப்பட்டது. என் மனத்தைத் தடுத்தது ஒரு சின்னக் கேள்விதான். ஒரு சிசுவின் முகத்துக்கு அதன் தாய்தகப்பன் அனுமதி தரவேண்டும். இந்தச் சிசுவின் வழக்கோ தாய்தகப்பன் யாரென்பதே. அப்படியானால், தீர்ப்பு வரும்வரை அந்த முகத்தை எடுத்துக்கொள்ள அனுமதி தர உலகத்தில் ஒருவருக்கும் உரிமையில்லை. கேட்க ஆளில்லை என்பதால் எல்லோரும் எடுத்தார்கள். கேட்க ஆளில்லை என்பதனாலேயே எடுக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. நான் எடுக்காததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. படங்கள் எங்கும் வந்தன. பின்னர் அந்தக் குடும்பத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று அங்கே அழைத்துப் போனது. பெரும் பணம் கிடைத்ததென்று அயலவர் நம்பியதால் அவர்கள் பட்ட துன்பமும் அக்காலப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது.

இப்போது கடையை என் மகன் நடத்துகிறான். கடவுச்சீட்டுக்குரிய படத்தை 2015 முதல் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் எடுத்து நேரே திணைக்களத்துக்கு இணையவழி அனுப்புகிறார்கள். தரகர் கையில் படம் போவதில்லை, நல்லதே. ஆனால் கைத்தொலைபேசியில் வருகிற கோரிக்கைகளை அவன் எனக்குக் காட்டும்போது தலை சுற்றுகிறது. யாரோ ஒரு பெண்ணின் படத்தை அனுப்பி, 'இவரை என் பக்கத்தில் நிற்பதுபோல் சேர்த்துத் தாருங்கள்' என்கிறார் ஒருவர். கணினி அதை ஒரு நொடியில் செய்யும். 'லைட் சரியில்லை' என்று கணினியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாதே என்று மகன் கேட்கிறான். அவன் வேறு பொய்யைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

இனி, தள்ளிவைத்த விஷயம்.

1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போவது தொடங்கியது. எங்கள் பகுதியிலிருந்தும் பெண்கள் வீட்டுப்பணிக்குப் புறப்பட்டார்கள். தரகர்கள் கடைக்கு வாராவாரம் ஐந்தாறு பேரைக் கூட்டி வருவார்கள். 1984இல் ஒரு தரகர் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார். வேறு யாருடையதோ ஒரு சேலை; ரவிக்கையைப் பின்புறம் ஊசிகளால் இறுக்கியிருந்தார்கள்; தலையில் பெரிய கொண்டை. மாமா அவளிடமே கேட்டார்: "எத்தினையாம் வகுப்பு மகள்?" அவள் அறியாமல், "எட்டு" என்றாள். தரகர் இடைமறித்தார். மாமா மூடியைப் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மாமா தாளும் பிலிமும் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்த நாள் பார்த்துத் தரகர் மறுபடி வந்தார். அதே பிள்ளை, அதே சேலை. இம்முறை அவளுடைய உம்மாவும் வந்திருந்தார். "வாப்பா மௌத்தாகிட்டாரு தம்பி. கீழ நாலு புள்ளையள்" என்றார். தரகர் இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்னார். இல்லையேல் இனி ஒரு வாடிக்கைகூட இந்தக் கடைக்கு வராது என்றும் சொன்னார். எனக்குத் திருமணமாகி ஆறு மாதம். கேட்டவர் யாரென்று தெரியும். முகம் யாருடையதென்று தெரியும். எங்கே போகிறதென்றும் தெரியும். ஒன்றும் ஒளிக்கப்படவில்லை. மாமாவின் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகும் எடுக்கக்கூடாத படம் உண்டு என்பதை நான் நன்றாக அறிந்திருந்தேன்.

எடுத்தேன். எடுத்ததோடு நில்லாமல் என் தொழில் திறமை முழுவதையும் அதில் காட்டினேன். முகத்தை இளமையாக்குவதுதான் எங்கள் வழக்கம். அன்று விளக்கை மேலே உயர்த்தி, கண்ணுக்குக் கீழும் கன்னத்தின் ஓரத்திலும் நிழல் விழச் செய்து, பதினான்கு வயதுப் பிள்ளையை இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக்கினேன். சிரிக்காதே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கொழும்பிலிருந்து திரும்பிய மாமா, காய்ந்துகொண்டிருந்த நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். "இதை நீ எடுக்கல்ல மகன், உண்டாக்கியிருக்காய்" என்று மட்டும் சொன்னார். அந்தத் தரகரின் காசை அவர் கணக்கில் எழுதவில்லை.

இருபத்தோராண்டு கழித்து, 2005 மே மாதம், மூதூரிலிருந்து ரிசானா நபீக் என்ற பிள்ளை சவூதி அரேபியாவுக்கு வேலைக்குப் போனாள். பிறப்புப் பதிவின்படி 1988இல் பிறந்தவள்; கடவுச்சீட்டில் 1982 என்று எழுதியிருந்தது. போய்ச் சில வாரத்துக்குள் அவளுடைய பொறுப்பில் விடப்பட்ட சிசு இறந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறுமி என்று வாதிட்டவர்களுக்கெதிரே அந்தக் கடவுச்சீட்டு நின்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆவணங்களைப் பொய்யாக்கிய முகவர் இருவருக்கு இங்கே சிறைத்தண்டனை கிடைத்தது. வானொலியில் செய்தி கேட்ட அன்று நான் கடையைத் திறக்கவில்லை. எந்தக் கடவுச்சீட்டும் படமில்லாமல் ஆவதில்லை. எங்கேயோ, எவரோ ஒருவருடைய கமராவின் முன்னால் அந்தப் பிள்ளை அமர்ந்திருந்தாள். அந்த எவரோ நானல்லன் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டாகவில்லை.

அடுத்த ஆண்டு, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் மாணவர்கள் அடையாள அட்டைப் படத்துக்கு வருகிற பருவத்தில், நடுவயதுப் பெண்ணொருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் இனங்காணவில்லை. அவர்தான் பழைய கதையை எடுத்தார். பதின்மூன்று ஆண்டு குவைத்திலும் ஜோர்தானிலும் இருந்தாராம். தம்பி தங்கையரைக் கரைசேர்த்து, வீடு கட்டி, பிந்தி மணம் முடித்தாராம். அங்கே என்ன நேர்ந்தது என்று சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வலது கையின் இரு விரல்களை அவரால் மடக்க முடியவில்லை.

"அந்தப் படத்துர நெகட்டிவ் இரிக்கா காக்கா?" என்று கேட்டார்.

எதற்கென்று விசாரித்தேன்.

"சின்ன வயசில எனக்கு வேற படம் இல்ல. இவள் பாக்கக் கேக்கிறாள்."

கடல் கொண்டுபோய்விட்டது என்றேன். அது உண்மை. ஆனால் இருந்திருந்தாலும் அதில் அவருடைய சின்ன வயது இல்லை என்பதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மகளை நாற்காலியில் இருத்தி, விளக்கைத் தாழ்த்தி வைத்தேன். பள்ளிச் சீருடையில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள் பிள்ளை. நான் ஒன்றும் கேட்கவில்லை. தாய் தன் பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து, மேசைமேல் விரித்து, மடக்க முடியாத அந்த விரல்களால் பிறந்த திகதியைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றார்.